பெங்களூரில் இருந்தபடி ஊரில் தோப்பு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோப்புக்காரர்களே, வணக்கம்.

வேலைக்காகப் பெங்களூருக்கு வந்து இருபது முப்பது வருடம் ஆகியும், "ஊர்ல கொஞ்சம் தென்னை இருக்கு" என்று சொல்லும்போது மட்டும் முதுகு தானாக நிமிர்கிற நம் கூட்டத்துக்குத்தான் இதை எழுதுகிறேன். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைக்காரர்கள் நம்மில் அதிகம். பட்டுக்கோட்டை, பேராவூரணி ஆட்களும் உண்டு. வேளாண்மைத் துறைக்கோ தென்னை வளர்ச்சி வாரியத்துக்கோ எழுதியிருக்கலாம்தான். அவர்களுக்கு எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். நமக்கு யாரும் எழுதுவதில்லை. பூச்சி என்றதும் போனிலேயே மருந்து அடிக்கச் சொல்லிவிடுகிற நம் பழக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு கார் சண்டையிலிருந்து தொடங்குகிறேன். ராமமூர்த்தி நகரில் எங்கள் தெருவில், ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டு வாசலில் ஒற்றைத் தென்னை நிற்கிறது. போன கோடையில், அதன் நிழலில் கார் நிறுத்தும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் கத்த ஆரம்பித்துவிட்டார். கண்ணாடியெல்லாம் பிசுபிசு என்று ஒட்டுகிறதாம், துடைத்தால் துணி கருப்பாகிறதாம், மரத்தை வெட்டியே ஆக வேண்டுமாம். கீழே கிடந்த ஓலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், யாரோ விரல் நுனியில் சுண்ணாம்பைத் தொட்டுச் சுழி சுழியாக இழுத்தது போல வெள்ளைக் கோடுகள். தட்டினால் மாவு பறந்த மாதிரி ஈக்கள் எழும்பின. ஆனைமலையில் எங்கள் மூன்று ஏக்கர் தோப்பில் வருடக்கணக்காக நான் பார்க்கிற அதே கோலம்.

சுருள் வெள்ளை ஈ என்று பெயர். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் கண்டெடுத்து 2004-ல் பெயர் வைத்தார்கள். இந்தியாவில் முதலில் கண்ணில் பட்டது 2016-ல், நம் பொள்ளாச்சிப் பக்கத்தில். அப்புறம் கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டது. 2019-ல் தென்னையைத் தாக்கும் இன்னொரு புதிய வெள்ளை ஈயை மண்டியாவில் கண்டார்கள். மைசூர் போகும் வழியில் நாம் வண்டியை நிறுத்தி இளநீர் குடிக்கிற மத்தூர் இருக்கிற அதே மண்டியா மாவட்டம். ஆக, இது ஊர்ப் பிரச்சினை, நாம் நகரத்தில் இருக்கிறோம் என்று ஒதுங்கவும் வழியில்லை.

வெள்ளை ஈ இலையைத் தின்பதில்லை, சாறு உறிஞ்சும். குடித்ததில் மிச்சத்தை இனிப்பு நீராகக் கழிக்கும். அந்தப் பிசின் கீழ் மட்டைகளின் மேல்பக்கத்தில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, மட்டை விறகடுப்பு எரித்த சமையலறைச் சுவர் மாதிரி ஆகிவிடும். வெயில் படாத இலை என்ன சமைக்கும்? காய் சிறுக்கும், எண்ணிக்கை குறையும். ஆனால் மரம் சாகாது. சங்கடமே அதில்தான் இருக்கிறது. பாளை வெடித்துக் காய் முற்ற ஏறக்குறைய 12 மாதம் ஆகும். இன்றைக்குச் செய்த தப்பின் கணக்கு அடுத்த வருடம்தான் வரும், அதற்குள் நாம் வேறு எதையாவது குறை சொல்லியிருப்போம்.

சரி, என் தப்பைச் சொல்கிறேன். 2019 கோடை. சித்தப்பா போன் செய்தார். தோப்பைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

"கண்ணு, மட்டையெல்லாம் கருத்துப் போச்சு. ஈ கொட்டிக் கிடக்குது."

"மருந்துக் கடைல கேட்டு அடிச்சுருங்க சித்தப்பா. பணம் போட்டுடறேன்."

"ஒரு மழை பேஞ்சா போயிரும்னு ஆழியார் ஆராய்ச்சி நிலையத்துல சொன்னாங்களாம். பொறுத்துப் பாக்கலாமா?"

"மழைக்கெல்லாம் காத்திருக்க முடியுமா?"

அப்போது நான் அவுட்டர் ரிங் ரோடில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த அவசரத்தை ஆனைமலைக்கு அனுப்பிவிட்டேன் என்பதுதான் உண்மை. டிராக்டரில் பெரிய தெளிப்பான் வந்தது, கடைக்காரர் கொடுத்த இரண்டு பாட்டில் கலவை மட்டைக்கு ஏறியது, மறுநாள் காலையில் மரத்தடியெல்லாம் ஈ செத்துக் கிடந்தது. சித்தப்பா போட்டோ அனுப்பினார். எனக்கு அவ்வளவு நிம்மதி. மூன்றாவது வாரம் பழையபடி ஆனது. ஒன்றரை மாதத்தில் முன்னைவிட மோசம். மருந்து அடிக்காத பக்கத்துத் தோப்பு எங்களுடையதைவிடத் தெளிவாக இருந்தது. இதை நானே நேரில் போய்ப் பார்த்தேன், இல்லாவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது. இந்த வெள்ளை ஈ வந்தபோது, யாரும் அழைக்காமல் அதன் எதிரியும் கூடவே வந்துவிட்டது. என்கார்சியா என்று ஒரு குளவி. குளவி என்றதும் பயப்பட வேண்டாம், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, நம்மைக் கொட்டாது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்று வெளியே வரும். குளவி புகுந்த குஞ்சு கருத்துப் போகும். ஓலையைத் திருப்பி ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கருத்த கூட்டில் ஊசியால் குத்தியது போல வட்ட ஓட்டை இருந்தால் குளவி வெளியேறியிருக்கிறது. ஓட்டை வட்டமாக இல்லாமல் பிளந்து கிடந்தால், வெளியே வந்தது ஈ. நான் அனுப்பிய பணத்தில் அடித்த மருந்து, மட்டைக்கடியில் மெழுகுக்குள் பதுங்கியிருந்த ஈக்குஞ்சுகளை விட்டுவிட்டு, வெளியே சுற்றிக்கொண்டிருந்த குளவியைக் கொன்றிருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். "கருப்புக் கருப்பா இருக்குது, இதுவும் நோயா?" என்று சித்தப்பா முன்பே ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். "அதுக்கும் சேர்த்து அடிச்சுருங்க" என்று சொன்னவன் நான்தான்.

தென்னையில் வெள்ளை ஈக்கு ரசாயன மருந்து அடிக்காதீர்கள் என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தார் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். அவர்கள் சொல்வதெல்லாம் கேட்கச் சாதாரணமாக இருக்கும். மட்டையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஷீட்டைக் கட்டுவது, குளவி இருக்கிற ஓலைத் துண்டுகளை இல்லாத தோப்பில் கொண்டுபோய் வைப்பது, குளவி பெருக ஊடே வாழையும் கல்வாழையும் நடுவது. கரும்பூசணத்துக்கு மைதா மாவுக் கஞ்சி, லிட்டருக்கு 25 கிராம். வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி உரிந்து, பூசணத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். மைதாவா என்று நாமெல்லாம் சிரித்தோம், ஞாபகம் இருக்கிறதா? அல்சூர் ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பரோட்டாதான் போடணும்" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன்.

சித்தப்பா சொன்ன மழைக் கதையிலும் உண்மை இருக்கிறது. பலத்த மழை ஈயையும் பூசணத்தையும் கழுவிவிடும், பூச்சி உச்சத்துக்குப் போவது கோடையில். எங்கள் தெருக் கார் சண்டையும் ஜூன் மழையோடு ஓய்ந்துவிட்டது.

இதை எங்கள் கொங்கு நாட்டு ஆட்களுக்கு இவ்வளவு விளக்கியிருக்கவே கூடாது. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்ததே, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடாமல். அடிக்காத மருந்தில்லை. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு பொடிக் குளவியை வரவழைத்து, வளர்த்து, விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. அந்தக் குளவி வந்து இறங்கிய இடம் எது தெரியுமா? நம் பெங்களூர்தான். ஹெப்பாளில், பெல்லாரி சாலையில் இருக்கிறதே, இப்போது தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் என்று பெயர், அங்கேதான். விமான நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கமாகத்தான் போகிறோம். வெள்ளை ஈயைக் கொல்லும் ஐசேரியா என்ற பூஞ்சையையும் அவர்கள் பிரித்தெடுத்து வைத்திருக்கிறார்கள். ஊரில் இருக்கும் சித்தப்பா ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய் விசாரித்துவிட்டு வருகிறார். ஹெப்பாளுக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

வெள்ளை ஈயை விடுங்கள். மரத்தைச் சாகடிக்கிற பூச்சிகளிடம் வருவோம், ஏனென்றால் அங்கே நம் குணம் இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது.

காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்துத் தின்னும். விரியும்போது ஓலை கத்தரிக்கோலால் வெட்டிய விசிறி மாதிரி வரும். அது போட்ட ஓட்டையின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், தண்டுக்குள் முட்டையிடும், மரம் உள்ளேயே கூழாகும். வெளியே செம்பழுப்புச் சாறு வடிவதைப் பார்க்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். எங்களுக்கு இரண்டு வருடத்தில் ஏழு இளமரம் போனது. நான் பெங்களூரிலிருந்து விதவிதமான குருணை மருந்தெல்லாம் விசாரித்து அனுப்பினேன். வண்டு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்கவில்லை.

பொங்கலுக்குப் போனபோது தோப்பு மூலையில் இருந்த எருக்குழியைக் கிளறச் சொன்னேன். அப்பா இருந்தவரை வருடா வருடம் அள்ளி வயலுக்குப் போவது. அப்பா போனபின், வண்டிக்கூலிக்குக் கட்டாது என்று நான்தான் "கிடக்கட்டும்" என்றேன். மூன்று வருடம் கிடந்தது. மண்வெட்டியை ஒரு போடு போட்டதும், கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு, பாதி வளையமாகச் சுருண்டு, பழுப்புத் தலையோடு. ஒன்றல்ல. ஒரு அன்னக்கூடை நிரம்பியது. கோழிகளுக்கு அன்றைக்குத் தீபாவளி. அந்த வண்டுகள் எல்லாம் என் குழியில் பிறந்து, என் மரத்தைத் தின்று, பக்கத்துத் தோப்புக்கும் போயிருக்கின்றன. பக்கத்துத் தோப்புக்காரர் அண்ணன் முறை. நாலு வருடமாக என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பட்டுக்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு இது வேறு விதத்தில் தெரிந்திருக்கும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயலில் விழுந்த மரங்களை அப்புறப்படுத்தவே எத்தனை மாதம் ஆனது! மட்குகிற தென்னந்தண்டும் இந்த வண்டுக்கு எருக்குழி மாதிரிதான். வெளியூரில் இருக்கிறவர்களின் தோப்பில் தண்டு கடைசிவரை கிடந்தது என்று அங்கிருந்து வந்த நண்பர் சொன்னபோது நான் தரையைப் பார்த்தேன்.

எருக்குழிக்கு மருந்து, மெட்டாரைசியம் என்கிற பச்சைப் பூஞ்சை. புழுவின்மேல் வளர்ந்து அதைக் கொல்லும். விலை பெரிதில்லை. ஆனால் ஒருவர் மட்டும் போட்டால் பக்கத்துக் குழி வண்டை வளர்த்துக்கொண்டே இருக்கும். வாடை காட்டி வண்டை இழுத்துப் பிடிக்கிற கவர்ச்சிப் பொறியும் அப்படித்தான். நீங்கள் மட்டும் தோப்பு நடுவில் ஒரு பக்கெட்டைத் தொங்கவிட்டால் ஊர் வண்டையெல்லாம் விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி. "பொறி வெச்சப்புறம்தான் வண்டு ஜாஸ்தி ஆச்சு" என்று ஊரில் சொல்வதைக் கேட்டு நாம் சிரிப்போம். சிரிக்க ஒன்றுமில்லை, அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். பொறியை இளங்கன்று இருக்கிற இடத்தில் வைக்கக் கூடாது, எல்லைப் பக்கம் வைக்க வேண்டும், சுற்றியிருக்கிற எல்லாத் தோப்பிலும் வைக்க வேண்டும். கேரளத்தில் காயங்குளத்து ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு ஊராட்சியையே ஒரு தோப்பாக நினைத்து, எல்லார் எருக்குழியிலும் பச்சைப் பூஞ்சையை விடச் செய்தார்கள். வண்டு குறைந்தது. வண்டுக்கு வேலி தெரியாது, பட்டா தெரியாது.

இதில் மரமேறியின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. கொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிற ஒரே மனிதர் அவர்தான். எங்கள் தோப்புக்கு வரும் பெரியவர் இடுப்பில் அரிவாளோடு ஒரு வளைந்த கம்பியும் செருகியிருப்பார். ஓட்டைக்குள் விட்டுச் சுழற்றி இழுத்தால் வண்டு கம்பியில் மாட்டி வரும். அப்பா காலத்தில் பிடித்த வண்டுக்குத் தனிக் காசு. இப்போது நாம் மரத்துக்கு இவ்வளவு என்று காய் பறிக்க மட்டும் கொடுக்கிறோம், அதுவும் பேரம் பேசி. வண்டைப் பார்த்தாலும் அவர் ஏன் நிற்கப் போகிறார்? போன வருடத்திலிருந்து கொண்டை சுத்தம் செய்யக் கூடுதல் கூலி தருகிறோம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், உச்சியில் மூன்று மட்டை இடுக்கில் அவரே வைத்துவிட்டு இறங்குகிறார். மருந்துக்குச் செலவழித்ததைவிடக் குறைவாகத்தான் ஆகிறது. பச்சை மட்டையை ஒட்ட வெட்டாமல் நாலடி விட்டு வெட்டுங்கள், கூன்வண்டு வராது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். பின்னால் அதே விஷயத்தைப் பல்கலைக்கழகத்துக் கையேட்டில் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஊரில் இருப்பவர்களைப் பற்றி நாம் இங்கே உட்கார்ந்து பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. "நம்ம ஆளுங்களுக்குச் சொன்னாப் புரியாது", "இலவசமா கொடுத்தாத்தான் செய்வாங்க". சித்தப்பாவுக்குப் புரியும். பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டவர் அவர். அவருக்கு இல்லாதது முடிவெடுக்கிற உரிமை. பொறுத்துப் பார்த்து ஏதாவது ஆகிவிட்டால் "சும்மா விட்டுட்டீங்களே" என்று நாம் கேட்போம், மருந்தடித்து ஏதாவது ஆனால் கேட்க மாட்டோம். அதனால் அடிக்கிறார். கடைக்காரரும் இரவு ஒன்பது வரை கடையைத் திறந்து வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கடனும் தருகிறார். பொறுமையாக இரு என்று சொல்ல ஊரில் கடை கிடையாது. தூரத்தில் இருக்கிற நமக்கு எதையாவது செய்துவிட்டோம் என்ற ஆறுதல் வேண்டும். பணம் அனுப்பினால் அது கிடைத்துவிடுகிறது. நாம் அடிக்கச் சொல்லும் மருந்தில் பாதி பூச்சிக்கு, மீதி நம் மனசுக்கு.

இன்னொரு சங்கதி, சுருக்கமாக. வேரை மருந்துப் பைக்குள் விட்டுக் கட்டி, மரமே உறிஞ்சிக்கொள்ளும்படி வேர் வழியாக மருந்து கட்டினால் 45 நாள் காய் பறிக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு தோப்பில் இங்கிருந்து முதலாளி போனில் மருந்து கட்டச் சொல்லிவிட்டு, அடுத்த வாரமே இளநீர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார். கேட்டால், "அது எனக்கு ஞாபகமே இல்லப்பா" என்றார். அதற்குப் பெரிதும் பயன்படுத்திய மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தை ஒன்றிய அரசு 2023-ல் படிப்படியாக நிறுத்த உத்தரவிட்டுவிட்டது. ஊரில் யாராவது பழைய பாட்டில் வைத்திருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்த இளநீர் எந்த ஊர் வண்டியில் ஏறி வருகிறது என்று சொல்லவும் வேண்டுமா?

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை ஊரிலிருந்து போன் வந்தால், "மருந்து அடிச்சீங்களா" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். ஓலையைத் திருப்பிப் பார்த்தீர்களா, கருத்த குஞ்சு இருக்கிறதா, எருக்குழியை எப்போது அள்ளினோம், பக்கத்துத் தோப்பில் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பொறுத்துப் பார்க்கலாம் என்று அவர் முடிவு செய்தால் அதற்கு நீங்கள் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். மருந்துக்கு ஒதுக்குகிற காசை மரமேறிக்கும், எரு அள்ளுகிற ஆளுக்கும், எல்லைத் தோப்புகளோடு சேர்ந்து வைக்கிற பொறிக்கும் திருப்புங்கள். இங்கிருந்து பண்டிகைக்குப் போகும்போது லால்பாக் பக்கத்து நர்சரியில் வாங்குகிற அலங்காரப் பனை, கொய்யா, சப்போட்டாக் கன்றுகளையும் ஏற்றுமுன் இலையடியில் பாருங்கள். வெள்ளை ஈ இவற்றிலும் உட்காரும். நானே ஒருமுறை காரில் நான்கு கன்று கொண்டுபோனேன், திருப்பிப் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் முந்தைய சனிக்கிழமை ஹெப்பாளுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்க வேண்டும், அதை நான் செய்கிறேன். ஆனைமலை, கோட்டூர், வேட்டைக்காரன்புதூர்ப் பக்கம் தோப்பு இருப்பவர்கள் தீபாவளிக்கு மறுநாள் காலை எங்கள் களத்துக்கு வந்தால் நல்லது. எல்லைத் தோப்புக்காரர்களை அழைக்கிற வேலையைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். அண்ணன் முறைக்காரரிடம் மட்டும் நானே போய்ச் சொல்கிறேன். மடிவாளாவில் வெள்ளி இரவுப் பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் பூதக்கண்ணாடி ஒன்று எடுத்துவாருங்கள், ஊரில் ஒன்றுதான் இருக்கிறது. வருகிறவர்கள் எத்தனை மரம் என்பதோடு, தோப்பில் எருக்குழி இருக்கிறதா, கடைசியாக எப்போது அள்ளியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆனைமலைப் பக்கத்து இருநூறு மரத்துக்காரன்
ராமமூர்த்தி நகர், பெங்களூரு